சங்கு ஊதாத காலை

கேள்வி:

அன்புள்ள ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 58 வயது. மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 37 வருஷம் கொழுந்து எடுத்தேன். என் அம்மாவும் அங்கேதான் எடுத்தார்கள். வீட்டுக்காரர் நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். இந்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. லயத்து வரிசை வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, போடியில் மகள் வீட்டுக்கு வந்து ஐந்து மாசமாகிறது. காலி செய்த அன்றைக்கு நல்ல மழை. யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கிராஜுவிட்டிப் பணத்தைக் கொடுத்தால் சொந்தமாக இரண்டு தையல் மிஷின் போடுவேன் என்கிறான்.

எஸ்டேட் கோயிலில் புதன்கிழமை பெண்கள் ஜெபத்தை 19 வருஷம் நான்தான் நடத்தினேன். கோயில் கூட்டுவது, திருவிருந்துத் துணி துவைப்பது, லயத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் ராத்திரி போய் உட்காருவது எல்லாம் செய்தேன். இங்கே மாடி வீடு. வெயில். மகளும் மருமகனும் என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. கீழ்வீட்டுப் பெண் விடியற்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்புக்குப் போகும்போது பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். அது ஒன்றுதான் பொழுது. காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வேலைக்குக் கூப்பிடும் எஸ்டேட் சங்குச் சத்தம் இல்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. இங்குள்ள ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு சகோதரர், "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள்" என்றார். ஒரு அம்மா, "தேவன் உங்களை வனைகிறார், துதியுங்கள்" என்றார். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. தேவன் என்னிடம் வேலை வாங்கி முடித்துவிட்டாரா? திரும்ப மூணாறுக்கே போய் ஒரு வாடகை அறை எடுத்துத் தங்கலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நானும் அந்த மலையில் 11 வருஷம் ஊழியம் செய்தவன். நீங்கள் எழுதிய சங்குச் சத்தம் எனக்கும் தெரியும். அது ஊதும்போது எரிச்சலாக இருக்கும். அது இல்லாமல் போனபோதுதான் நாள் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போனது.

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. தேவன் உங்களிடம் வேலை வாங்கி முடித்துவிடவில்லை. அவர் நம்மை வேலைக்கு எடுத்த கம்பெனி அல்ல, 58 வயதில் கணக்கு முடித்து அனுப்புவதற்கு.

அந்தச் சகோதரர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, இவன் பாவம் செய்தானோ, இவனைப் பெற்றவர்கள் பாவம் செய்தார்களோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கேள்வியை நம் சபைகளில் இன்றும் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். உண்மையில் பாவ உணர்வு கொடுப்பது பரிசுத்த ஆவியானவர் வேலை. அவர் அதைச் செய்யும்போது எது என்று தெளிவாகச் சொல்வார். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் போய், "ஏதாவது இருக்கும், யோசித்துப் பார்" என்று சொல்லவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்றார். எந்த வீடு, எந்தக் காரியம் என்று தாவீதுக்குத் தெரியும். இன்ன காரியம் என்று தெரியாமல் ஐந்து மாசமாகப் பழைய நாட்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அது அவருடைய சத்தம் அல்ல. குறிப்பாக ஒன்று மனதில் குத்தினால் அதை அறிக்கை செய்யுங்கள், எழுந்திருங்கள். குத்தவில்லை என்றால் தோண்டாதீர்கள்.

அந்த அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லப்படாத உண்மை அது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது உங்களுக்கு மறந்திருக்காது. 70 பேர் போனார்கள். அந்த மண்ணில் தன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் போய் "தேவன் வனைகிறார்" என்று சொல்ல, தேவபயமுள்ள எந்த ஊழியக்காரனுக்கும் வாய் வராது. அங்கே செய்யவேண்டியது கூட நின்று அழுவதுதான். லாசருவின் கல்லறையில் இயேசுவே அதைத்தான் முதலில் செய்தார். உங்கள் வீட்டுக்காரர் போனதை, லயத்தைவிட்டு இறங்கினதை, "இது எதற்காக" என்று இப்போதே விளக்கிக் காட்டச் சொல்லி யாராவது உங்களிடம் கேட்டால், விளக்க வேண்டாம். நீங்கள் முதலில் அழுது முடிக்க வேண்டும். மோசே இறந்தபோது இஸ்ரவேலர் 30 நாள் அழுதார்கள். யோசுவா தயாராக நின்றுகொண்டிருந்தார், நதி பக்கத்திலே ஓடிக்கொண்டிருந்தது, அப்படியும் அழுத பிறகுதான் கடந்தார்கள்.

சரி, வனைதல் என்பதே இல்லையா? இருக்கிறது. அதை உங்களுக்குக் குயவன் சக்கரத்தை வைத்துச் சொல்வதைவிட, நீங்கள் 37 வருஷம் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கவாத்து.

நான் மலைக்குப் போன புதிதில் எனக்குக் கவாத்து என்றால் என்னவென்று தெரியாது. கோயிலுக்குக் கீழே ஒரு தேயிலைக் காடு முழுக்கப் பச்சைப் பாய் விரித்தமாதிரி இருந்தது. ஒரு வாரம் கீழே ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அத்தனையும் போய், வெறும் குச்சிகளாக நிற்கிறது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் உயரம். ஏதோ நோய் வந்து அழித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அங்கே கத்தி பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நாலு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டாவிட்டால் செடி மேலே மேலே போய்விடும், கைக்கு எட்டாது. நுனியில் மொட்டு அடங்கிப்போய்த் தளிர் விடாது. தேயிலை இயல்பிலே ஒரு மரம், ஐயா, விட்டால் மரமாகிவிடும் என்றார்.

அவர் வெட்டுவதை அன்றைக்கு ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். வெட்டு எப்போதும் சாய்வாகவே விழுந்தது. தட்டையாக வெட்டினால் மழைத்தண்ணீர் அதில் தங்கி அழுகிவிடுமாம். கிளையில் படிந்திருந்த பாசியைத் தேய்த்து எடுத்தார். காய்ந்துபோன குச்சி, நோய் பிடித்த குச்சி எல்லாவற்றையும் உள்ளே கைவிட்டு அறுத்தார். வெட்டிப்போட்ட தழையை அள்ளிக்கொண்டு போகாமல் அந்தச் செடியின் மேலேயே பரப்பினார். உரித்த தோல்மாதிரி நிற்கிற கிளைகளை வெயில் சுட்டுவிடக்கூடாது என்று. ஒரு செடிக்கு ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம் அடுத்த செடி.

அதில் ஒரு காரியம் எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் பலவீனமாக இருந்த சில செடிகளில் எல்லாக் கிளையையும் வெட்டிவிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்துக் காட்டினேன். "இல்லைங்கய்யா, வேணும்னுதான் விட்டிருக்கு. புதுத்துளிர் வர்ற வரைக்கும் அது மூச்சு விடணும்ல" என்றார். துளிர் வந்து செடி தேறின பிறகு அந்தக் கிளையையும் எடுத்துவிடுவார்களாம்.

நீங்கள் இதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிந்தவர். கவாத்துக் காட்டில் கொழுந்து கிடையாது என்று வேறு காட்டுக்கு உங்களை அனுப்பியிருப்பார்கள். மூன்று மாதம், உயரமான இடமானால் இன்னும் கூடுதலாக, அந்தக் காடு சும்மா நிற்கும். அந்த மூன்று மாதத்தில் மேனேஜர் அந்தச் செடியைப் பிடுங்கிப் போடவில்லை. ஏன் கொழுந்து தரவில்லை என்று கேட்கவுமில்லை. வெட்டினவருக்கு அது ஏன் வெறுமையாக நிற்கிறது என்று தெரியும்.

யோவான் 15-இல் பிதாவைத் திராட்சத்தோட்டக்காரர் என்று இயேசு சொல்கிறாரே, அதில் நாம் வேகமாகக் கடந்துபோகிற ஒரு வார்த்தை உண்டு. "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்." கத்தி படுவது கனி கொடுத்த கொடியில். பத்தொன்பது வருஷம் புதன்கிழமை தவறாமல் ஜெபம் நடத்தினவர் நீங்கள். இன்று வெறும் குச்சியாக நிற்கிறீர்கள். இதைத் தண்டனை என்று படித்துவிடாதீர்கள் என்று மட்டுமே நான் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் கணவரின் மரணத்தைத் தேவன் கத்தியால் வெட்டின வெட்டு என்று நான் சொல்ல மாட்டேன். வேதம் மரணத்தைச் சத்துரு என்றுதான் அழைக்கிறது. ஆனால் அவர் போனபின்பு, வேலையும் போனபின்பு, இந்தக் காலத்தில் உங்களை யார் கையில் எடுத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேரைப் பற்றி அந்தப் பெரியவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கவாத்துக்கு முன்னால் வேரில் சத்துச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். வேர்த்துண்டை வெட்டி அயோடின் விட்டால் மாவுச்சத்து உள்ள வேர் கறுநீலமாக மாறும். நிறம் வராவிட்டால் வெட்டை ஒத்திவைப்பார்கள். சத்தில்லாத செடியை வெட்டினால் அது திரும்ப வராது. இலை ஒன்றும் இல்லாத மாதங்களில் செடி சாப்பிடுவது வேரில் சேர்த்துவைத்ததைத்தான்.

நீங்கள் முழங்காலில் நிற்கும்போது வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். புதிதாக வார்த்தை வரவேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்? இது வேரில் உள்ளதை எடுத்துச் சாப்பிடும் காலம். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கீதங்கள் இருக்கும். 23, 121, 91. நாலரைக்கு விழித்ததும் எழுந்து உட்கார்ந்து, ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். உணர்ச்சி வருகிறதா என்று பார்க்கவேண்டாம். சொல்லி முடித்தால் ஜெபம் முடிந்தது. அதுகூட வராத நாளில் பெருமூச்சு விட்டுவிட்டுச் சும்மா இருங்கள். என்ன கேட்கவேண்டும் என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-இல் பவுல் எழுதியிருப்பது இந்த மாதிரிக் காலைகளுக்காகத்தான். முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள். 37 வருஷம் சரிவில் நின்ற முழங்கால் அது, தேவனுக்குத் தெரியும்.

நகோமியை நினைத்துப்பாருங்கள். விதவை, வயதானவள், வேறு தேசத்திலிருந்து இறங்கி வருகிறாள். ஊர்ப்பெண்கள் பார்த்து, இவள் நகோமியோ என்று கேட்கிறார்கள். என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். மாராள் என்றால் கசப்பு. "நான் நிறைவுள்ளவளாய்ப் போனேன்; கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்." இதைச் சொன்னதற்காக அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தேவனும் கடிந்துகொள்ளவில்லை. வேதத்தில் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். நான் பல வருஷம் இந்தப் பகுதியைப் பிரசங்கித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வெறுமையாய் வந்தேன் என்று அவள் சொல்லும்போது பக்கத்திலே மருமகள் ரூத் நிற்கிறாள். நகோமியின் கண்ணுக்கு அன்றைக்கு ரூத் கணக்கில் வரவில்லை. துக்கம் அப்படித்தான் செய்யும். அதில் அவள் குற்றம் ஒன்றும் இல்லை. அவர்கள் பெத்லகேமுக்கு வந்த நேரம் வாற்கோதுமை அறுப்பின் தொடக்கம் என்று எழுதியிருக்கிறது. அதுவும் அப்போது அவளுக்குத் தெரிந்திருக்காது.

இனி உடம்பைப் பற்றி. தயவுசெய்து இதை ஆவிக்குரிய காரியத்துக்குக் குறைவானது என்று நினைக்காதீர்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், திரும்பத் தூங்கவிட்டார், திரும்பச் சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அப்புறம் ஓரேப் மலையில்தான். குளிரிலேயே வாழ்ந்த உடம்பை வெயிலில் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். நாள் முழுக்க ஏறி இறங்கின கால் இப்போது மாடி அறையில் முடங்கிக் கிடக்கிறது. தூக்கமும் பசியும் கெடுவதற்கு இதுவே போதும். வெயில் ஏறுமுன் தினமும் அரைமணி நேரம் நடந்துவாருங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ரத்தச்சோகை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பசி இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல், அழுகையாகவே நாட்கள் போய்க்கொண்டிருந்தால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட அன்றைக்கே மகளிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்ல. காய்ச்சலுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அதுபோலத்தான்.

மகளிடமும் பேசவேண்டும். அவர்கள் உங்களைப் பாசத்தினால்தான் உட்காரவைத்திருக்கிறார்கள். ஆனால் வேலையிலேயே வளர்ந்தவரை உட்காரவைப்பது அவருக்கு வயதானதை ஒவ்வொரு மணிக்கும் ஞாபகப்படுத்துவதுதான். "சாயங்காலக் குழம்பு என் பொறுப்பு, அதில் நீ கைவைக்கக்கூடாது" என்று ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்குவதைவிட இது எளிது.

கிராஜுவிட்டிப் பணம் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மகன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் 37 வருஷம். உங்கள் பெயரில் வங்கியிலோ தபால் நிலையத்திலோ போட்டு, வட்டியை மாசாமாசம் கையில் வாங்குங்கள். உதவவேண்டும் என்று தோன்றினால் அந்த வட்டியிலிருந்து உதவுங்கள், முதலைத் தொடவேண்டாம். கையில் சொந்தக் காசு இருக்கிற தாயை எந்த வீட்டிலும் பாரமாகப் பார்ப்பதில்லை. உங்கள் மனத்துக்கும் அது நல்லது.

மூணாறுக்கே திரும்பிப்போய் அறை எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இந்த வருஷம் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் தேடுவது மூணாறு என்ற ஊரை அல்ல. சங்கு ஊதினதும் சாக்கைக் கட்டிக்கொண்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு, பத்துப் பேரோடு பேசிக்கொண்டே, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்குப் போன அந்தக் காலையைத் தேடுகிறீர்கள். அறை எடுத்தாலும் அது கிடைக்காது. பஜாரில் ஒரு அறைக்குள் உட்கார்ந்து, மற்றவர்கள் வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அது போடி மாடியைவிடக் கடினம்.

டாப் ஸ்டேஷனுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே ஒரு காலத்தில் உண்மையாகவே ரயில் வந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து கம்பி வழியாகக் கீழே நம் தேனிச் சீமைப் பக்கம் இறக்குவார்கள். 1924 ஜூலை வெள்ளம், மலையாள ஆண்டு 1099-ஐ வைத்து அந்தப் பக்கத்தார் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று சொல்வது, பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பப் போடவில்லை. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. நான் இதைச் சொல்வது உங்களை வருத்துவதற்காக அல்ல. சில காரியங்கள் திரும்ப வராது என்பதை ஊழியக்காரர்கள் ஜனங்களுக்குச் சொல்லத் தயங்குகிறோம். இரட்டிப்பாய்த் தருவார் என்று வாக்குத்தத்தம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதே வெள்ளத்துக்குப் பிறகும் அந்த மலையில் தேயிலை விளைந்தது, வேறு வழியாக இறங்கியது. உங்கள் அம்மா கொழுந்து எடுத்ததும் ரயில் போன பிறகுதான்.

ஆனால் ஒருதடவை போய்வாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மழையில் சொல்லாமல் இறங்கி வந்தது உங்களுக்குள் முள்மாதிரி நிற்கிறது. கடிதத்தில் அதை ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த வரியில் மை அழிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை போடிமெட்டு வழியாகப் பஸ் ஏறிப் போய் யார் வீட்டிலாவது தங்குங்கள். புதன்கிழமை பெண்கள் ஜெபத்தில் உட்காருங்கள். நடத்தாதீர்கள், உட்காருங்கள். முடிந்ததும் எழுந்து, நான் போய்வருகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். இனி நடத்தப்போகிறவளின் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணுங்கள். பவுல் எபேசு மூப்பர்களை விட்டுப் பிரிந்தபோது எல்லாரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மிகவும் அழுதார்கள் என்று அப்போஸ்தலர் 20-இல் இருக்கிறது. அந்த அழுகைக்குப் பிறகுதான் கப்பல் புறப்பட்டது. வீட்டுக்காரர் கல்லறைக்கும் போங்கள். நேரமிருந்தால் மூணாறு சி.எஸ்.ஐ. கோயிலுக்கு மேலே உள்ள அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் ஏறுங்கள். 1894-இல் காலராவில் இறந்த ஒரு இளம்பெண்ணை அந்த மேட்டில் அடக்கம் செய்தார்கள். கோயிலுக்கு அடிக்கல் போட்டது 1910-இல். கல்லறை முதலில், கோயில் பதினாறு வருஷம் கழித்து. எனக்கு மனம் சோர்ந்த நாட்களில் நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பும்போது உங்கள் ஆயரிடம் சபை மாற்றுக் கடிதம் வாங்கிவாருங்கள். போடியில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியவில்லை என்றால், அந்தக் கடிதத்தோடு ஆயரிடம் நேரில் போய், இன்னார் நான், எஸ்டேட்டில் இன்னது செய்தேன், இப்போது ஒன்றும் செய்ய முடியாத நிலையில் இருக்கிறேன், என்னை அறிந்துகொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். ஒரு பொறுப்பும் கேட்கவேண்டாம், கொடுத்தாலும் ஆறுமாசம் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்களைப் பார்த்தால் சபைக்கு உடனே வேலை கொடுக்கத் தோன்றும். கவாத்து முடிந்த மறுவாரமே கொழுந்து கேட்கிற மாதிரி அது. சங்கீதக்காரன், முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும் என்று 71-ஆம் சங்கீதத்தில் கேட்கிறான். கேட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி, இந்தச் சந்ததிக்கு உமது வல்லமையை அறிவிக்குமளவும் என்கிறான். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எழுதவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்கள். "அது ஒன்றுதான் பொழுது" என்று. விடியற்காலத்தில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிற ஜீப்புகளை நான் அறிவேன். இடுக்கிக்கு ஏறி, அந்திக்குத்தான் திரும்புவார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் அம்மா கொழுந்துக்குப் போனபோது உங்களை யாரோ ஒரு பாட்டி வைத்திருந்திருப்பார். ஒரு தாய் இருட்டில் எழுந்து, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, ஊரில் இத்தனை பேர் இருக்க, ஐந்து மாசத்துக்கு முன்னால் வந்த உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். ரூத்துக்குப் பிறந்த பிள்ளையை நகோமி எடுத்துத் தன் மடியில் வைத்து அதை வளர்க்கிற தாயானாள் என்று ரூத் 4-இல் படிக்கிறோம். அதை ஊழியம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லுங்கள், அதுவும் தூங்கிவிடும்.

அந்தப் பிள்ளையின் பெயரை எழுத விட்டுவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். உங்களுக்காக ஜெபிக்கும்போது சேர்த்துச் சொல்லவேண்டும்.